பன்னிரண்டு மில்லிமீற்றர்

அன்று விசாரணைக்காகப் பணிப்பாளரின் அறையில் நான்கு பேர் இருந்தோம். பணிப்பாளர், கணக்குப் பகுதியிலிருந்து கடிதக் கோவையோடு வந்த ஓர் அம்மா, நானா என்று எல்லாரும் கூப்பிடும் களஞ்சியக்காரர், நான். ஐந்தாவது கதிரை ஒன்றும் போட்டிருந்தார்கள். அதில் உட்கார வேண்டியவர் வரவில்லை. வயிற்றுவலி என்று லீவுக் கடிதம் அனுப்பியிருந்தார். அவருக்குப் பதிலாக, அவர் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கத் தாள் மேசையில் பணிப்பாளரின் கைக்கடியில் இருந்தது. பத்து மாதம் அவரோடு ஒரே இருட்டறையில் வேலை செய்தவன் நான். அவர் லீவு எடுத்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதாவிட்டாலும் நட்டமில்லை, அந்த இடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பணிப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், அவரைத் தம்பி என்பார். களஞ்சியத்து நானா அலவத்துகொடை முஸ்லிம். தன்னை எல்லாரும் கூப்பிடுவது போலவே அவரையும், அண்ணன் என்ற பொருளில், நானா என்பார். வாசலில் நின்ற சிங்களக் காவற்காரருக்கு அவர் மல்லி, அதாவது தம்பி. எனக்கு அண்ணன். நான்கு பேரும் அவர் தங்கள் ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசியிருந்தால் அந்த நினைப்பு ஒரே நாளில் கலைந்திருக்கும். அப்படி நால்வரும் உட்கார ஒரு சந்தர்ப்பம் வரவே இல்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி மாத்தளை வீதியில் போனால் வரும் சிறிய ஆராய்ச்சி நிலையம் அது. இப்போது அங்கே வேறேதோ அலுவலகம். நான் சொல்வது எழுபதுகளில் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற வருடங்களை. வெளிநாட்டிலிருந்து ஒரு லென்ஸ் வேண்டுமென்றாலும் கொழும்பிலிருந்து அனுமதி வரவேண்டும், வராது. நான் மஹய்யாவையில் மாநகரசபைத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், லயத்தில், பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் தெருக் கூட்டினார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டம் பெற்று அந்த நிலையத்தில் தற்காலிக ஆய்வு உதவியாளனாகச் சேர்ந்த அன்று, நான் சப்பாத்து மாட்டுவதைப் பார்ப்பதற்கென்றே லயத்தில் பாதிப் பேர் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

அவர் அங்கே தொழினுட்ப உதவியாளர். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். மெலிந்த ஆள், எப்போதும் அரைக்கை வெள்ளைச் சட்டை, நகங்களில் கரிக் கறுப்பு. காலையில் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினால் வாசலிலிருந்து ஆய்வுகூடம் வரை சேர்ந்து நடப்போம். காவற்காரரோடு சிங்களத்தில் ஏதோ பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டே வருவார். களஞ்சிய வாசலில் நின்று, "என்ன நானா, வாப்பாட கால் நோவு எப்பிடி ஈக்கிது?" என்பார். "கொஞ்சம் சொகம். நேத்து தொழப் பள்ளிக்கும் நடந்தே போய் வந்தார்" என்பார் நானா. பத்து அடி வைப்பதற்குள் மாடிப்படியில் பணிப்பாளர் இறங்கி வருவார்.

"என்ன தம்பி, நேற்றையான் போட்டோ பிளேட் காய்ஞ்சிட்டுதோ?"

"ஓம் சேர். இப்ப கொண்டு வாறன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்க தம்பி, போவோம். காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா இல்லையா?"

இதை நடிப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. நடிப்பவனிடம் ஒரு கணத் தயக்கம் இருக்கும், இவரிடம் அது இல்லை. எதிரில் நிற்பவரின் முகம் முழுதாகத் திரும்புவதற்குள் இவருடைய குரல் திரும்பியிருக்கும். நடைகூட மாறும். பணிப்பாளரோடு நடக்கும்போது அவரைப் போலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒரு தடவை கேட்டேன், "அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?" "இங்கினதான் தம்பி" என்றார். எங்கே நின்று கேட்டாலும் அந்தப் பதில் பொருந்தும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர் மற்றவர்களுக்குத் தரும் மரியாதை அது என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஓர் அணுவைத் தனியே விட்டு ஒளிரவைத்தால், அதன் ஒளி நிறமாலையில் மெல்லிய கோடுகளாக விழும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் இடம் உண்டு. அதே அணுவைப் பிளாஸ்மாவுக்குள் வைத்தால், அதாவது அணுக்களிலிருந்து பிய்ந்த இலத்திரன்களும் மிஞ்சிய அயன்களும் ஓடித் திரியும் கொதிவாயுவுக்குள் வைத்தால், சங்கதி வேறு. சுற்றி நிற்கும் மின்னேற்றங்கள் அணுவை இழுக்கும், தள்ளும். கோடு தடிக்கும், தன் இடத்தைவிட்டு மயிரிழை நகரும். அணுவின் வெளி ஓரத்தில் தளர்வாகப் பிடிபட்டிருக்கும் இலத்திரன் யாருக்குச் சொந்தம் என்றே சொல்ல முடியாமல் போகும், அப்போது அதற்குரிய கோடு அழிந்துவிடும். கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால், சுற்றியுள்ள நெரிசல் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். நட்சத்திரங்களின் உள்விவகாரத்தை இப்படித்தான் அறிகிறார்கள். எங்களிடம் நட்சத்திரம் இல்லை. தண்ணீர் ஓடும் செப்பு வளையங்களுக்கு நடுவே எரிகிற, ஒரு விரல் நீளமான ஆகன் வில் இருந்தது, அதாவது ஆகன் என்ற வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து எரியும் சுடர்.

தேநீர் நேரத்தில் இதை ஒருநாள் அவருக்குச் சொன்னேன். கையிலிருந்த பணிஸ் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கூட்டத்துல நின்னா ஆளு மாறிருவான். அவ்வளவுதானே? இதுக்கா பட்டம் படிச்சீங்க?"

"எவ்வளவு மாறுறான்னு அளக்கணும்ணே."

"அது கஷ்டம்தான்" என்றார். இருவரும் சிரித்தோம்.

நிலையத்தில் யாரும் என்னைக் குறைவாக நடத்தியதில்லை. ஆனால் வீடு எங்கே என்று கேட்டு, மஹய்யாவை என்று நான் சொன்னதும், "ஆ, அந்தப் பக்கமோ" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அவர் மட்டும் கேட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றார். அம்மா இரவல் வாங்கிப் போட்ட கதிரையில் உட்காராமல் அப்பாவோடு பாயில் உட்கார்ந்தார். தேநீரைக் குடித்துவிட்டு, "இன்னொரு கோப்பை கெடைக்குமாம்மா?" என்றார். அம்மா உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. தேயிலை தீர்ந்து பக்கத்து வீட்டுக்கு ஓடியிருந்தாள். இரண்டாவது கோப்பை கேட்ட விருந்தாளி எங்கள் வீட்டில் அதுவரை இல்லை. அதற்குள் அப்பாவும் அவரும் ஈர்க்குமாற்றுக் கட்டின் இறுக்கம், மழைக்காலத்தில் அடைபடும் சாக்கடைக் கான், மேற்பார்க்கும் ஓவசியரின் வாய் என்று பேசிக்கொண்டே போனார்கள். தெருவில் இறங்கிக் கூட்டியவனுக்குத் தவிர வேறு யாருக்கும் தெரியாத சங்கதிகள் அவை. அவர் போனபின் அப்பா சொன்னார், "நம்ம ஆளுடா." அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா எனக்கு இரண்டு சாப்பாட்டுப் பார்சல் கட்டினாள், ஒன்று அவருக்கு.

இனி அந்தப் பன்னிரண்டு மில்லிமீற்றரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆகன் கோடு நகர்ந்ததா என்று பார்க்க, பக்கத்தில் நகராத ஒன்று வேண்டும். அதற்குத்தான் இரும்பு. இரண்டு இரும்புக் கோல்களை மேலும் கீழுமாக நிறுத்தி இடையில் மின்வில் மூட்டினால் நூற்றுக்கணக்கான இரும்புக் கோடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் இடமும் அட்டவணையில் உள்ளது. ஒளிப்படத் தட்டில் ஆகனுக்கு மேலும் கீழும் இரும்பைப் பதிந்துவிட்டால் அதுவே எங்கள் அடிமட்டம், அளவுகோல். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கோல்களுக்கிடையே பன்னிரண்டு மில்லிமீற்றர் இருக்க வேண்டும், அதன் நட்டநடு ஒளியை மட்டும் எடுக்க வேண்டும். கோல் நுனிகளுக்குப் பக்கத்தில் இலத்திரன் நெரிசல் அதிகம், அங்கே இரும்பு அணுவே தன் இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். இடைவெளி குறைந்தால் நடு என்று ஒன்று மிஞ்சாது, எல்லாம் நுனிதான்.

இதற்காக அவர் பித்தளைத் துண்டொன்றைச் சரியாகப் பன்னிரண்டு மில்லிமீற்றருக்கு அராவி வைத்திருந்தார். அதைக் கோல்களுக்கிடையே வைத்துப் பார்த்து, எடுத்துவிட்டு, கறுப்புத் துணித் திரைக்கு அந்தப் பக்கமிருந்து "பன்னிரண்டு" என்று குரல் கொடுப்பார். இந்தப் பக்கம் நான் "பன்னிரண்டு" என்று திருப்பிச் சொல்லிக் கொப்பியில் எழுதுவேன். அதன்பின்தான் வில் மூளும். ஒவ்வொரு தட்டுக்கும் இது நடந்தது.

பத்து மாதத்தில் ஒரு தடவைகூட நான் எழுந்து திரைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. சோம்பல் அல்ல. எங்கள் லயத்தில், வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தவன் கொண்டுவந்த சாமானை யாரும் நிறுத்துப் பார்க்க மாட்டார்கள். நிறுத்தால், இனி வராதே என்று அவனிடம் சொன்னதாகும். நான் எவ்வளவோ படித்திருந்தேன். இந்தப் பழக்கத்தைப் படிப்பு தொடவில்லை.

பின்னேரம் நகரத்தில் விளக்குகள் எரியத் தொடங்கினால் எங்கள் மின்சாரம் தொய்யும். அகன்ற பன்னிரண்டு மில்லிமீற்றர் வில் பாதியில் அணைந்துபோகும், தட்டு பழுது. நான் சேர்ந்து மூன்றாம் மாதம் பணிப்பாளர் எங்கள் இருவரையும் நடைபாதையில் நிறுத்தினார்.

"இஞ்ச பாருங்கோ, ஸ்டோரில மூண்டு பெட்டி பிளேட்தான் கிடக்கு. முடிஞ்சா இனி வராது. இனி ஒண்டும் அணைஞ்சு பழுதாகக் கூடாது. விளங்குதோ?"

"ஓம் சேர். பழுதாகாது" என்றார் அவர்.

பணிப்பாளர் போனதும் நான் சொன்னேன், "அண்ணே, அதுக்காகப் பன்னிரண்டக் குறைச்சிராதீங்க."

"சேச்சே, குறைப்போமா தம்பி?"

மறுநாளிலிருந்து வில் அணையவே இல்லை. அவருடைய கைப்பழக்கம் என்று நினைத்தேன். அதைப் பணிப்பாளரிடம் பெருமையாகவும் சொன்னேன்.

மூன்று பெட்டி, முப்பத்தாறு தட்டு. எல்லாவற்றையும் நுணுக்குக்காட்டிக்கு அடியில் வைத்து அளந்து முடித்தபோது ஒரே விடைதான் திரும்பத் திரும்ப வந்தது. ஆகன் கோடு கோட்பாடு சொன்னதில் பாதிதான் நகர்ந்திருந்தது. பணிப்பாளர் என் கணக்கை இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீர் என்ன கண்டுபிடிச்சிருக்கிறீர் எண்டு உமக்கு விளங்குதோ?" அவரோடு முன்பு படித்த ஒருவர் வெளிநாட்டில் இதே துறையில் ஆய்வுகூடம் நடத்தினார். அவருக்குப் பணிப்பாளர் எழுதினார். முடிவு உறுதியானால் என்னை மூன்று வருடத்துக்கு எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்தது.

அந்தக் கடிதத்தைப் பற்றி எனக்கு முன்பே லயத்துக்குச் சொன்னவர் அண்ணன்தான். நான் பஸ்ஸில் வந்து இறங்கும்போது அப்பா வாசலில் நின்றார், கையில் குழந்தைப் பருவத்திலிருந்து என் சான்றிதழ்களைப் போட்டுவைத்த பிஸ்கட் டின்னோடு. அதற்குள்ளேதான் பிரஜாவுரிமைப் பத்திரமும் இருந்தது, நாடற்றவர்களாக இருந்த எங்களுக்கு அதுவும் அந்த வருடம்தான் கிடைத்திருந்தது. "எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டேன்டா, பாரு சரியா இருக்கான்னு" என்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பத்திரங்களை அளவை வைத்து அடுக்கியிருந்தார், பெரியது அடியில்.

வெளிநாட்டுக்காரரின் இரண்டாவது கடிதம் ஆறே வரி. முடிவு சுவாரசியமாக இருக்கிறது. உங்கள் இரும்புக் கோடுகளை ஆகனோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள், ஒன்றோடொன்று ஒப்பிட்டீர்களா?

இரண்டு நாள் அதைச் செய்தேன். எல்லா இரும்புக் கோடுகளும் ஒரே மாதிரி இளகுவதில்லை. இலத்திரனை இறுக்கிப் பிடித்திருக்கும் கோடுகள் நெரிசலிலும் அப்படியே நிற்கும், தளர்வானவை நகரும். எங்கள் தட்டுகளில் தளர்வானவை எல்லாம் சிவப்புப் பக்கம் சாய்ந்திருந்தன. ஆகன் கோட்டுக்கு அருகில் இருந்தவை அவைதான். அவற்றை வைத்துத்தான் அளந்திருந்தேன். ஆகனும் நகர்ந்திருந்தது, அடிமட்டமும் அதே பக்கம் நகர்ந்திருந்தது, மிஞ்சிய வித்தியாசத்தைத்தான் கண்டுபிடிப்பு என்று கொண்டாடினோம். நகராத கோடுகள் இரண்டே இரண்டு, தட்டின் ஓரத்தில். பிழையைக் காட்ட அவை போதும், திருத்தி அளக்கப் போதாது.

அன்று பகல் வில் அறைக்குப் போனேன். அவர் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். மேசை லாச்சியைத் திறந்தேன். பித்தளைத் துண்டு கடதாசிகளுக்கு அடியில் பச்சை பிடித்துக் கிடந்தது. வில் நிற்கும் தாங்கியில், கைக்கு எட்டும் இடத்தில், இரண்டு நெருப்புக்குச்சிகள் நூலால் சேர்த்துக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. எடுத்து அளந்தேன். இரண்டும் சேர்ந்து நான்கு மில்லிமீற்றர் தடிப்பு.

"அண்ணே, இது என்ன?"

"கோலுக்கு நடுவுல வைக்கிறதுதான் தம்பி."

"பன்னிரண்டுன்னு சொன்னீங்களே."

"நீங்க பன்னிரண்டுதானே கேட்டீங்க?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பிடிபட்டவனின் முகம் அதில் இல்லை. குடையை மறந்து போனவனுக்கு அதை எடுத்துக் கொடுக்கிற ஆளைப் போல நின்றார்.

"பிளேட் பழுதாகக் கூடாதுன்னு சேர் சொன்னாரு. ஒண்ணு பழுதாச்சா, சொல்லுங்க?"

"எல்லாமே பழுதுண்ணே. முப்பத்தாறும்."

துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தார். திரும்பவும் மடித்தார். நான் கேட்காமலேயே சொன்னார், "நாளைக்கு நானே போய் சேர்கிட்டச் சொல்லிர்றேன். நாந்தான் செஞ்சேன்னு சொல்லிர்றேன். நீங்க வாயத் தொறக்க வேணாம். சரியா தம்பி?"

சரி என்றேன். அந்த வார்த்தையையும் நான் அளந்து பார்க்கவில்லை.

மறுநாள் அவர் பணிப்பாளரிடம் போனது உண்மை. அதற்கு மூன்றாம் நாள்தான் நான் தொடக்கத்தில் சொன்ன அறை, நான்கு பேர், காலிக் கதிரை. பணிப்பாளர் அந்தத் தாளை வாசித்தார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. தட்டுகளில் வெளிச்சம் கூட வேண்டுமென்று ஆய்வு உதவியாளரே இடைவெளியைக் குறைக்கச் சொன்னதாகவும், தாம் தயங்கியதாகவும், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததாகவும் அதில் இருந்தது. அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. அந்த வாக்கியங்களின் நடை எனக்குத் தெரிந்த நடை, பணிப்பாளரின் கடிதங்களில் பார்த்தது.

"நான் சொல்லல சேர்" என்றேன்.

"அப்ப கொப்பியில பன்னிரண்டு எண்டு எழுதினது ஆர்?"

"நான்தான் சேர்."

"அளந்து பார்த்தோ எழுதினனீர்?"

"இல்ல சேர்."

கணக்குப் பகுதி அம்மா அதை எழுதிக்கொண்டார். அப்போது களஞ்சியத்து நானா தொண்டையைச் செருமினார்.

"சேர், ஒரு வெசயம். நீங்க அவரக் கூப்பிட்டுக் கேக்கக்குள்ள நானும் இங்கதான் நிண்ட, ஸ்டோர் கொப்பியோட. நீங்க கேட்ட, 'அவர்தானே குறைக்கச் சொன்னவர்?' எண்டு. மனிசன் 'ஓம் சேர்' எண்டார். 'நீர்தானே செய்தனீர்' எண்டு கேட்டீந்தா, அதுக்கும் 'ஓம் சேர்' எண்டுதான் சொல்லீப்பார். அந்த ஆள் ஆருக்கும் இல்ல எண்டு சொன்னத நான் இண்டைக்கு வரைக்கும் கேட்டதில்ல."

"உங்களிட்ட நான் கேக்கேல்ல, நானா."

"அது சரி சேர். எனக்குச் சொல்லாம இருக்க ஏலா."

பணிப்பாளர் தாளை மடித்துக் கோவைக்குள் வைத்தார். அவரும் வெளிநாட்டுக்கு எழுதியிருந்தார். பிழை யாருடையது என்று பதில் சொல்ல அவருக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வழக்கம்போலப் பாயில் உட்கார்ந்தார். நான் வீட்டில் நடந்ததைப் பாதிதான் சொல்லியிருந்தேன், வெளிநாட்டுப் பயணம் இல்லை என்று மட்டும். அப்பா மீதியைத் தானே ஊகித்து வைத்திருந்தார்.

"எவனோ ஒருத்தன் எம்மவன மாட்டி வுட்டுட்டான் தம்பி. கேட்டாப் பேரச் சொல்ல மாட்டேங்குறான்."

"அவன் வெளங்குவானாங்கய்யா" என்றார் அவர். "ஒரு புள்ள கஷ்டப்பட்டுப் படிச்சு மேல வரக்குள்ள காலப் புடிச்சு இழுக்குறானுகளே. அவன் வீட்டுலயும் புள்ளக் குட்டி இருக்காதா?"

கண்ணில் நீர் நின்றது, பொய் நீர் இல்லை. அப்பா அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். அம்மா கேட்காமலேயே இரண்டாவது கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டையும் குடித்தார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்தப் பாயில் வேறு யாரும் வந்து உட்கார்ந்ததில்லையே என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது தோன்றியது.

வந்தவரை வீதி வரை கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். பஸ் நிற்கும் இடத்தில் கேட்டேன்:

"ஏன்ணே வந்தீங்க?"

"ஐயா மனசு கஷ்டப்படுவாரேன்னு நெனைச்சேன்."

"என்கிட்டச் சொல்ல ஒண்ணும் இல்லையா?"

"என்ன சொல்லணும் தம்பி? சொல்லுங்க, சொல்றேன்."

உண்மையாகவே காத்து நின்றார். மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்டிருப்பார். காலில் விழச் சொன்னால் அந்த வீதியில் விழுந்திருப்பார். பணிப்பாளரை ஏசச் சொன்னால் என்னைவிட நன்றாக ஏசியிருப்பார். அக்குறணை பஸ் வந்தது. அவர் படியில் ஏறி நடத்துநரிடம் ஏதோ சொல்ல, அவன் சிரித்துக்கொண்டே உள்ளே இடம் காட்டினான்.

நான் அந்த நிலையத்தில் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்று இப்போதெல்லாம் அடிக்கடி ஞாபகம் வருகிறது. இருட்டறையில் தட்டைக் கழுவும்போது நேரத்தை எண்ண வேண்டும். நான் உடனிருந்தால் தமிழில் எண்ணுவார். பணிப்பாளர் வந்து நின்றால் ஆங்கிலத்தில். ஒருநாள் நான் வெளியே கதவருகில் நிற்பது அவருக்குத் தெரியாது. அவர் தனியாக இருக்கும்போது எந்தப் பாஷையில் எண்ணுகிறார் என்று காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. தட்டத்தின் விளிம்பில் நகத்தால் தட்டும் ஓசை மட்டும் வந்தது, சீராக, ஒரு விநாடிக்கு ஒன்று. அன்று அதைக் கேட்டுச் சிரித்தேன்.

அவரையும் அந்தக் கோடுகளையும் ஒன்றாக்கிப் பேசுவது சுலபம். இப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும்போது வாய் வரைக்கும் வரும், சொல்ல மாட்டேன். அணுவிடம் யாரும் நேருக்கு நேர் நின்று கேட்பதில்லை. அவரிடம் நான் கேட்டேன். வில் அறையில் ஒன்று, பஸ் நிற்கும் இடத்தில் ஒன்று என்று இரண்டு தடவை கேட்டேன்.

வெளிநாட்டு இடம் வேறொருவருக்குப் போயிற்று. அப்பா பத்திரங்களைத் திரும்ப டின்னில் அடுக்கி மூடினார். பெரியது அடியில். தவணை முடிந்ததும் என் வேலையைப் புதுப்பிக்கவில்லை. கடைசிச் சம்பளத்தோடு கணக்குப் பகுதி அம்மா ஒரு துண்டுத் தாள் தந்தார். பாவிக்க முடியாமற்போன தட்டுகளின் விலையைக் கொப்பியில் எழுதிய கையும் கோல்களை வைத்த கையும் பகிர்ந்து கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. பணிப்பாளருக்கு அத்தனை தடவை ஓம் சொன்னவருக்கும் சம்பளத்தில் வெட்டியிருந்தார்கள். நானாவிடம் கேட்டேன், அவர் என்ன சொன்னார் என்று. "வேற என்ன, ஓம் எண்டுதான்" என்றார்.

மூன்று பெட்டி, பெட்டிக்கு எண்பத்தைந்து ரூபாய். ஆளுக்கு நூற்றி இருபத்தேழு ரூபாய் ஐம்பது சதம்.